கட்சுமாதா வீட்டுச் சேபர்

"விமானத்தோட கண்ணாடி மூடி ஒண்ணு வேணும். இது வெள்ளையாப் பூத்துப் போச்சு."

மெல்லிய காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்து, எங்கள் கவுண்டர் ஜன்னல் விளிம்பில் வைத்தார் தொகியே சான். விமானி உட்காரும் இடத்தை மூடுகிற, கட்டைவிரல் நீளமே உள்ள தெளிவான பிளாஸ்டிக் துண்டு. பனி படிந்ததுபோல் வெளுத்திருந்தது.

ஷிசுவோக்காவில் ஒரு மாடல் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். விமானம், கப்பல், டாங்கி என்று பெட்டியில் வாங்கி வீட்டில் ஒட்டிச் சேர்க்கிறவர்கள் ஒரு துண்டைத் தொலைத்துவிட்டாலோ உடைத்துவிட்டாலோ எங்களுக்கு எழுதுவார்கள். எடுத்து அனுப்புவோம். நேரில் வருகிறவர்கள் குறைவு, அதிலும் பெண்கள் வருவது அபூர்வம்.

"பேரனுக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல, எனக்கு" என்றவர், உடனே, "எங்க வீட்டுக்காரருக்கு" என்று மாற்றிக்கொண்டார்.

அது 2009 டிசம்பர். உடனே ஒட்டும் பசையைப் போட்டால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும், மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையைத் தடவுங்கள் என்று சொல்லிப் புதுத் துண்டைக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். துண்டுகள் ஒட்டியே வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது விரிசல் விட்டுவிட்டதாம். ஜனவரியில் மூன்றாம் முறை வந்தபோது மதிய இடைவேளை. அவர் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, எதிரிலிருந்த ஓதென் கடைக்குக் கூட்டிப்போனேன். கறுத்த குழம்பில் கொதிக்கிற முள்ளங்கியையும் மீன் கேக்கையும் ஊதி ஊதித் தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அதன்பிறகு வாரம் ஒருமுறையாவது அந்தக் கடையில் சந்தித்தோம்.

அவருடைய கணவர் கட்சுமாதா யசுஹிகோ, ஷிமிசு என்ற ஊரின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வீட்டில் ஓர் அறை முழுக்க அவருடைய மாடல் விமானங்கள். நாற்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த அறைதான் அவருக்கு. கதவை இழுத்துச் சாத்திக்கொள்வார். தொகியே சான் தேநீரை வாசலில் வைத்துவிட்டு, "வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வரவேண்டும். உள்ளே போனால் தூசி கிளம்பும் என்று திட்டு விழும். வண்ணம் கரைக்கிற தின்னரின் வாடை துணியில் ஏறுகிறது என்று கல்யாணமான புதிதில் ஒருதடவை முறையிட்டிருக்கிறார். "அப்ப துணியை வேற எங்கயாவது காயப்போடு" என்றாராம் அவர். அதோடு சரி.

2008-இல் ஒரு பிப்ரவரிக் காலையில் யசுஹிகோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் குழறியது. அவர் பேசுவது தொகியே சானுக்கு மட்டும்தான் புரியும், மகள் மிவாகோவுக்கே பாதிதான் புரியும். மிவாகோ கல்யாணமாகித் தோயாமாவில் இருந்தாள். அவருடைய மாடல் சங்கத்து நண்பர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை பழக்கூடையோடு வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

2009 நவம்பரில், சங்கத் தலைவர் மசுதாவிடமிருந்து வழக்கமான சுற்றறிக்கை வந்தது. மே மாதக் கண்காட்சியில் யார் யார் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். யசுஹிகோ அதை இடது கையில் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியைக் காட்டினார்.

"அந்தப் பெட்டிய எடு."

சேபர் ஜெட். அவருடைய வாலிபத்தில் ஹமமாட்சுப் பக்கம் தலைக்கு மேல் பறந்த விமானம். உடம்பு முழுக்க வெள்ளி நிறம்.

"எடுத்து?"

"செய்."

"யாரு, நானா? கூத்தா இருக்கே. எனக்கு இதுல தலையும் தெரியாது வாலும் தெரியாது."

"நான் சொல்றேன். நீ கை."

"நான் கையா? அப்ப மத்ததெல்லாம் யாரு, நீங்களா?" என்று தொகியே சான் கேட்டாராம். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் கழித்துத் தொகியே சான் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தார். மேசைக்கு முன் அவர், பக்கத்தில் சக்கர நாற்காலியில் கணவர். தினமும் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாடு வரை.

சொல்லிக்கொடுப்பதில் யசுஹிகோவுக்குப் பொறுமை கிடையாது. "கட்டர அப்படியா பிடிப்ப? கோழிக் கழுத்த திருகப் போறியா?" "பசை கொஞ்சம் போதும். பன்ல ஜாமா தடவுற?" தொகியே சானும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "நாற்பது வருஷமா என்னை இந்தக் கதவுக்குள்ள விட்டிருந்தா இப்ப கத்துக்கிட்டிருப்பேன்ல" என்று திருப்பிக் கொடுப்பார். அவர் கோபத்தில் இன்னும் குழறுவார். குழறினால் எச்சில் வழியும். இவர் பேச்சை நிறுத்தித் துடைத்துவிடுவார். மறுபடி தொடங்குவார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் தொகியே சானுக்குக் கண் இருந்தது. இருபத்தாறு வருடம் சலவைக் கடையில் கறை எடுக்கும் வேலை பார்த்தவர். பட்டுக் கிமோனோவை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, யாருக்கும் தெரியாத கறையைக் கண்டுபிடித்தே பழகியவர். விமானத்தின் இரண்டு பாதி உடலையும் ஒட்டியபின் நடுவில் ஒரு கோடு தெரியும். அதில் பட்டி வைத்து, தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் காணாமல் செய்யவேண்டும். வெள்ளி பூசுகிற விமானத்தில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் பல்லைக் காட்டிவிடும். யசுஹிகோ "போதும்" என்ற இடத்தில் இவர், "இல்ல, இன்னும் இருக்கு" என்றார். கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருந்தது.

"அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்று ஓதென் கடையில் என்னிடம் சொன்னார். உப்புத்தாளில் தேய்ந்து விரல் நுனிகள் ரேகையே இல்லாமல் பளபளவென்றிருந்தன.

மார்ச் தொடக்கத்தில் சக்கரங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். மேசைமேல் வைத்ததும் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. எடுத்து வைத்தாலும் மறுபடி உட்கார்ந்தது.

"ஈயம் போட்டியா?" என்றார் யசுஹிகோ.

"எந்த ஈயம்?"

"மூக்குல. ஒட்டுறதுக்கு முன்னாடி ஈயம் வைக்கணும். இல்லன்னா வால்ல உட்காரும்."

"நீங்க சொல்லவே இல்லியே."

"சொன்னேன்."

"சொல்லலைங்க."

"சொன்னேன், சொன்னேன்" என்று மேசையை இடது கையால் தட்டினார். ஒரு சின்ன வண்ணப் புட்டி உருண்டு கீழே விழுந்தது. தொகியே சான் குனிந்து அதை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கணவரின் முகம் மாறியிருந்தது. முதல்முறை மாடல் செய்ய வருகிற பிள்ளைகளுக்குச் சங்கத்தில் அவரே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. முதலில் மூக்கில் எடை வை.

"நான் சொல்லல" என்றார் கடைசியில். "மறந்துட்டேன்."

அதற்குப் பின் நான்கு நாள் அந்த அறைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். கைதான் போயிற்று, மற்றதெல்லாம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நான்கு நாளும் வெளி அறையில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

தொகியே சான் என்னிடம் வந்தார். உடலைப் பிளந்தால் மூன்று மாத வேலை வீண். நானும் யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. அவரேதான் வழி கண்டுபிடித்தார். தூண்டில்காரர்கள் கடையில் பட்டாணி அளவு ஈயக்குண்டுகள் வாங்கி, சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, முன்சக்கரம் மடங்கி உள்ளே போகிற குழியில் ஊசி முனையால் ஓட்டை போட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிப் பசை விட்டார். பதினேழு துண்டு. ஐந்தாம் நாள் காலையில் விமானத்தைக் கொண்டுபோய்க் கணவரின் மடியிலிருந்த தட்டில் வைத்தார். மூன்று சக்கரத்திலும் நின்றது. எப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. "வெள்ளிக்கு முன்னாடி கறுப்பு பூசணும். பளபளப்பான கறுப்பு" என்றார்.

வெயில் காய்ந்த, காற்றில்லாத நாளாகப் பார்த்துத்தான் வெள்ளி பூசவேண்டும். ஸ்பிரே துப்பாக்கியை எவ்வளவு தூரத்தில் பிடிக்கவேண்டும் என்பது தொகியே சானுக்குப் பிடிபடவே இல்லை. முதல் தடவை வழிந்தது. இரண்டாம் தடவை சொரசொரவென்று மணல்போல் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் முழுதும் கழுவி எடுத்துக் கறுப்பிலிருந்து தொடங்கவேண்டும். "மறுபடி" என்பார் யசுஹிகோ. வேறு ஒரு சொல் கிடையாது. ஐந்தாம் தடவை, ஏப்ரல் பாதியில், ஒரு காலை வேளையில் சரியாக வந்தது. ஒரே வெள்ளியாக இல்லாமல், தகடு தகடாகச் சற்று மங்கலும் சற்றுப் பளிச்சும், வால் குழாய்ப் பக்கம் சூட்டில் நிறம் மாறிய உலோகமுமாக. அந்த மங்கல் வெள்ளியைத் தொகியே சான் தானாகவே கலந்திருந்தார்.

யசுஹிகோ "மறுபடி" என்று சொல்லவில்லை. இடது கையை நீட்டினார். தொகியே சான் வெள்ளைக் கையுறையை அந்தக் கையில் மாட்டிவிட்டு விமானத்தைக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ம்" என்றார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன் நான்.

"அவர் வாயிலருந்து அது வந்ததே பெருசு" என்று சொல்லிச் சிரித்தார். அவரை நான் அப்படிச் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கண்காட்சியில் எங்கள் கம்பெனிக் கடையில் எனக்கு வேலை. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துச் சங்கங்களின் மேசைப் பக்கம் போனேன். சேபருக்கு முன்னால் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பக்கத்தில் மசுதா எழுதி வைத்த அட்டை: 'கட்சுமாதா யசுஹிகோ. நோயிலிருந்து மீண்டு, இடது கையால் மட்டும்.' சக்கர நாற்காலியில் கோட்டும் டையும் போட்டு யசுஹிகோ. பின்னால் ஃபிளாஸ்க்கையும் துண்டையும் பிடித்துக்கொண்டு தொகியே சான்.

மசுதா கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், எளிதில் கண் கலங்குகிறவர். "கட்சுமாதா சான், நீங்க மனுஷனே இல்ல, பேய். ரெண்டு கை இருக்கிற நாங்க எல்லாம் வெட்கப்படணும். எப்படிச் செஞ்சீங்க? சொல்லுங்க, எல்லாரும் கேட்கட்டும்" என்றார்.

யசுஹிகோ வாயைத் திறந்து ஏதோ சொன்னார். குழறலாக வந்தது. யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் தொகியே சானைப் பார்த்தார்கள்.

தொகியே சான் ஒரு கணம் கணவரின் பிடரியைப் பார்த்தார். "கஷ்டமா இருந்துச்சாம்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அன்று மாலை சங்கத்தின் பரிசுப் பலகையும் சேபருக்கே கிடைத்தது. யசுஹிகோ அழுதார், மசுதாவும் அழுதார்.

அடுத்த வாரம் ஓதென் கடையில், "அவர் உண்மையிலேயே அதத்தான் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"அதேதான். கஷ்டமா இருந்துச்சுன்னார். யாருக்குன்னு சொல்லல" என்றார் தொகியே சான். பிறகு, "மறுநாள் காலையில கேட்டேன். ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு. ரெண்டு வருஷமா என்னை ஒருத்தனும் பார்க்க வரல, நேத்துதான் வந்தாங்கன்னார். அப்புறம் நான் என்ன பேச?"

அந்தக் கோடையில் மசுதாவும் வேறு இரண்டு பேரும் வாரம் தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அறை மறுபடி ஆண்களின் அறை ஆயிற்று. தொகியே சான் தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். அடுத்த பெட்டி எப்போது என்று அவர்கள் கேட்டால் யசுஹிகோ தலையை ஆட்டுவார். அடுத்தது செய்யவில்லை. அக்டோபரில் இரண்டாம் முறை பக்கவாதம் வந்து, மூன்றாம் நாள் போய்விட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு நானும் போயிருந்தேன். சடங்கு முடிந்து சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மசுதா முழங்காலிட்டு உட்கார்ந்து தொகியே சானிடம் கேட்டார். வார்டு சமூகக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வைக்கப் போகிறார்கள், அதில் கட்சுமாதாவின் கடைசி வேலையாக அந்தச் சேபரை வைக்க அனுமதி வேண்டும் என்று.

"அது அவர் செஞ்சதில்ல. நான் செஞ்சேன்" என்றார் தொகியே சான்.

சாதாரணமாக, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னார். 

மசுதா மெல்லச் சிரித்தார். இரக்கமான சிரிப்பு. "ஆமா, ஆமா. நீங்க இல்லாம அவரால முடிஞ்சிருக்குமா? பாதி உங்களோடதுதான்."

"பாதி இல்ல. அவர் வாயால சொன்னார். கை என்னோடது. ஈயத்த எப்படி வச்சேன்னு அவருக்கே தெரியாது."

மசுதா, துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்திருக்கவேண்டும். மற்ற ஆண்கள் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மசுதா என் பக்கம் திரும்பினார்.

"சுகியாமா சான், நீங்க மாடல் கம்பெனி. சொல்லுங்க, அந்த மாதிரி வெள்ளிய முதல்தடவை செய்யிறவங்களால பூச முடியுமா?"

எனக்கு எல்லாம் தெரியும். மூன்று கண்ணாடி மூடியையும் என் கையால் கொடுத்தவள் நான். அந்த விரல்களைப் பார்த்தவள். ஆனால் எதிரே கணவரின் படம், ஊதுபத்திப் புகை, நெருங்கிய உறவுக்காரர்கள் பதினைந்து பேர். மசுதா எங்கள் கம்பெனிக்கு வேண்டியவர். செத்தவரை அந்த இடத்தில் பொய்யராக்க வேண்டாம் என்று நினைத்தேன். அல்லது பயந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இரண்டில் எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"கஷ்டம்தான்" என்றேன்.

தொகியே சான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இவளும் இப்படித்தானா என்று ஒரு கறையைச் சாய்த்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சேபரை எடுத்துவந்து மசுதாவின் முன் வைத்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு தோயாமாவுக்கு மகளிடம் போய்விட்டார். அறையில் இருந்த பெட்டிகள், வண்ணங்கள், ஸ்பிரே துப்பாக்கி எல்லாவற்றையும் சங்கத்துக்காரர்கள் வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். துக்க வருடம் கழிந்து வந்த புத்தாண்டுக்கு நான் வாழ்த்து அட்டை போட்டேன். பதில் வரவில்லை. அடுத்த வருடமும் போட்டேன்.

மூன்றாம் வருடம் சமூகக் கூடத்தைச் சுத்தம் செய்தவர் கை தவறிச் சேபர் கீழே விழுந்தது. இறக்கை நுனி நசுங்கி வெள்ளி உரிந்துவிட்டது. மசுதா தானே பழுதுபார்க்க முயன்றும் நிறம் சேரவில்லை. என்ன கலவை என்று கம்பெனியில் கண்டுபிடிக்க முடியுமா என்று என்னிடம் வந்தார். நான் மிவாகோவின் எண்ணைத் தேடிப்பிடித்துத் தோயாமாவுக்குப் போன் செய்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"வெள்ளி ஏழு பங்கு, கறுப்பு ஒண்ணு" என்றார் தொகியே சான். "பழுப்பு தீக்குச்சி முனை அளவு. அடிக்கறுப்பு ரெண்டு நாள் காயணும். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன். தொகியே சான், அன்னைக்கு நான்..."

"அவங்க யார் சொன்னதுன்னு கேட்டா, அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அதையே சொல்லிக்குங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

இந்தமுறை நான் மசுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கலவை எழுதிய தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சேபரோடு இருக்கிற பெயர் அட்டையை மாற்றுவது என்றால் சங்கக் கூட்டத்தில்தான் பேசவேண்டும் என்றார். பேசியும் பார்த்திருக்கிறார். செத்தவர் பெயரை ஏன் கெடுக்கவேண்டும் என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் தலையாட்ட, அதோடு முடிந்துவிட்டது. இறக்கை நன்றாகச் சேர்ந்துவிட்டது, எங்கே உடைந்தது என்றே தெரியவில்லை என்று மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பினார். இதையெல்லாம் தொகியே சானுக்குக் கடிதமாக எழுதினேன். பதில் இல்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் டிசம்பரில் தோயாமாவிலிருந்து சாம்பல் நிற ஓரமிட்ட அட்டை ஒன்று வந்தது. தாயார் தொகியே எழுபத்திரண்டாம் வயதில் காலமானதால் இந்த முறை புத்தாண்டு வாழ்த்து சொல்ல இயலவில்லை என்று அச்சிட்டிருந்தது. கீழே மிவாகோ பேனாவால் எழுதியிருந்தாள்: "அம்மா உங்களைப் பற்றி எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. முகவரிப் புத்தகத்தில் பெயர் இருந்ததால் அனுப்புகிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்."